குளக்கரைக் களை: கையா, கல்லா, வினிகரா, களைக்கொல்லியா?

காய்கறிப் பாத்தியில் களை முளைத்தால் அது வெறும் வேலை. மீன் விட்ட குளத்தின் கரையில் முளைத்தால் கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. கரையில் ஊற்றுவதெல்லாம் அடுத்த மழைக்குத் தண்ணீருக்குள் இறங்கிவிடும். இறங்கியது மீனின் செவுள் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். வேறு தண்ணீருக்கு ஓடிப்போகவும் மீனுக்கு வழியில்லை. அதனால் களை சாகுமா என்று பார்ப்பதற்கு முன்னால், ‘இது முழுவதும் குளத்தில் விழுந்தால் என்ன ஆகும்?’ என்று கேட்டுக்கொள்வது என் வழக்கம்.

கணக்குக்கு ஒரு சின்னக் குளத்தை வைத்துக்கொள்வோம்: 1,000 லிட்டர் தண்ணீர், 30 டிகிரி செல்சியஸ் வெப்பம். அந்தச் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்துவைக்கும். ஆக, குளம் முழுவதற்கும் 7.5 கிராம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வினிகர், உப்பு, சோப்பு

‘சமையலறைப் பொருள்தானே, மீனுக்கு என்ன ஆகிவிடப் போகிறது’ என்ற தைரியத்தில் பலரும் முதலில் எடுப்பது இதைத்தான். எனக்கு அதிகச் சந்தேகமும் இதன் மேல்தான்.

சாதாரண வினிகரில் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம், அதாவது லிட்டருக்கு 50 கிராம். ஒரு லிட்டர் நம் குளத்தில் சேர்ந்தால் இரண்டு விதமாகக் கெடுக்கும். முதலில் புளிப்பு. குளத்துத் தண்ணீரின் காரத்தன்மை லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவில்தான் என்றால், அமிலத்தைத் தாங்கும் அதன் சக்தியில் ஐந்தில் நான்கு பங்கு அந்த ஒரே லிட்டரில் தீர்ந்துபோகும், பி.எச். (அமில-கார அளவு; குறையக் குறையப் புளிப்பு கூடும்) மளமளவென்று இறங்கும். அப்புறம், அந்த அமிலத்தைப் பாக்டீரியா தின்று தீர்க்க 50 கிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். கையிருப்போ 7.5. காற்றிலிருந்து புதிதாகக் கரைவது ஓரளவு ஈடுகட்டும்தான். ஆனாலும் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கலாம். ஒரு லிட்டரை யாரும் குளத்தில் கொட்டப் போவதில்லை, சரி. கரையோரம் தெளித்த அன்று மாலையே மழை கொட்டினால்?

இத்தனைக்கும் களை முழுதாகச் சாவதும் இல்லை. வினிகர் பட்ட இலையைக் கருக்கும், அவ்வளவுதான். நேற்று முளைத்த நாற்று சாகும். அருகம்புல்லும் கோரையும் மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்தும் கிழங்கிலிருந்தும் மறுபடி துளிர்த்துவிடும். உப்பு மண்ணிலேயே தங்கி எதையும் முளைக்க விடாது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வேர் பிடிக்காத கரை மழைக்குக் கரைந்து குளத்துக்குச் சேறாக வந்து சேரும். மூன்றிலும் மோசம் சோப்பு. இலையில் ஒட்டட்டும் என்று ஒரு கரண்டி சேர்க்கிறோமே, அதுதான் செவுளின் மேல் இருக்கும் வழுவழுப்பான காப்புப் படலத்தைக் கெடுப்பது.

களைக்கொல்லி

இங்கேயும் குற்றவாளி பெரும்பாலும் அந்தச் சோப்பு மாதிரியான ஒரு பொருள்தான் என்பது வேடிக்கை. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி 1974இல் விற்பனைக்கு வந்தது. மீனைப் பொறுத்தவரை அந்த மூலப்பொருளைவிட, இலையில் பரவி ஒட்டுவதற்காகச் சில கலவைகளில் சேர்த்த பி.ஓ.இ.ஏ. என்ற ஒட்டுப்பொருளே பல மடங்கு கொடியது. அமெரிக்க உயிரியலாளர் ரிக் ரெலியா 2005இல் வெளியிட்ட ஆய்வில், அந்த ஒட்டுப்பொருள் கொண்ட கலவை தலைப்பிரட்டைகளைக் கூட்டமாகக் கொன்றது தெரியவந்தது. நீர்நிலைக்கென்றே ஒட்டுப்பொருள் இல்லாமல் செய்த கிளைபோசேட்டும் உண்டு. இரண்டு புட்டியிலும் பெரிய எழுத்தில் ஒரே பெயர் இருக்கலாம். பொடி எழுத்தைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். 2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லியிலும் இதே கதை: ஒரே பெயர், வேறு வேறு வேதி வடிவம். அதன் அமைன் உப்பைவிட எஸ்டர் வகை மீனுக்கு மிக அதிக நஞ்சு.

என்னைக் கேட்டால், வீட்டுக் குளத்தின் கரையில் தெளிப்பான் வேண்டவே வேண்டாம். எந்தக் காற்று எப்போது திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? கையால் எடுக்கவே முடியாத முரட்டுக் களை ஒன்றிரண்டு என்றால், நீர்நிலைக்கு அனுமதித்த மருந்தைப் பழைய தூரிகையில் தொட்டு, வெட்டிய தண்டின் முனையில் மட்டும் தடவலாம். கையுறை கட்டாயம். சொட்டக் கூடாது, வழியக் கூடாது. கிளைபோசேட் வேர் வரைக்கும் இறங்கிப் போகும் என்பதுதான் வினிகருக்கும் அதற்கும் உள்ள பெரிய வித்தியாசம். அந்த வகையில், சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், தூரிகையில் தொட்ட நாலு சொட்டு, வாளி வாளியாகத் தெளித்த வினிகரைவிட மீனுக்குப் பாதுகாப்பானது.

கை

சலிப்பான வேலை, முதுகு பிடித்துக்கொள்ளும். ஆனாலும் தண்ணீரை ஒட்டிய முதல் இரண்டு முழ அகலத்துக்கு இதற்கு ஈடு எதுவும் இல்லை. மழை பெய்த மறுநாள், மண் பொதபொதவென்று இருக்கும்போது, தூரைப் பிடித்து மெல்ல அசைத்து இழுத்தால் வேர் முழுதாக வரும். காய்ந்த மண்ணில் இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும், கோரைக்கிழங்கு உள்ளே சிரிக்கும்.

ஆழத் தோண்டுகிறேன் என்று களைக்கொத்தியை எடுக்கும்போதுதான் ஆபத்து. எங்கள் குளம் தார்ப்பாய் விரித்தது. ஒரு கோரைக் கொத்தின் அடிவரைக்கும் போய்விட வேண்டும் என்ற வீம்பில் கொத்தினேன். அதன் பிறகு நாளுக்கு ஒரு விரற்கடை தண்ணீர் இறங்கியது. வெயில் குடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நாலைந்து நாளில் ஒரு மட்டத்துக்கு வந்ததும் இறங்குவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. அந்த மட்டத்தையொட்டி விரலால் தடவிக்கொண்டே வந்தால், நெல்மணி நீளத்துக்கு ஒரு கீறல். அன்றிலிருந்து பாயின் ஓரத்தில் இரும்பு எதுவும் கிடையாது, விரல்தான்.

பிடுங்கியதையும் வெட்டியதையும் கரையிலேயே குவிக்காதீர்கள். ஒரு கிலோ பச்சைப் புல்லில் தண்ணீர் போக மிஞ்சுவது சுமார் 200 கிராம். அது குளத்தில் விழுந்து அழுகித் தீர, ஏறக்குறைய அதே எடைக்கு ஆக்சிஜன் கேட்கும். மறுபடி அந்த 7.5 கிராமை நினைத்துக்கொள்ளுங்கள். போதாததற்கு, அழுகிய புல்லின் சத்தைக் குடித்துப் பாசி தழைக்கும்.

கல், மரத்தூள், செடி

முளைத்ததைக் கொல்வதற்குப் பதில் முளைக்க இடமே கொடுக்காத வழி இது. உருண்டைக் கற்களை நெருக்கமாக அடுக்கினால் வெளிச்சம் மண்ணில் படாது. ஒரே வருடத்தில் இடுக்கில் தூசி சேர்ந்து களை முளைக்கத்தான் செய்யும், ஆனால் இரண்டு விரலால் எடுத்துவிடலாம். சுண்ணாம்புக்கல் மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும். புதுச் சிமென்ட் பூச்சு அதைவிட மோசம். நன்றாக அலசி ஊறவைக்காமல் அதன் மேல் பட்ட தண்ணீர் குளத்தில் இறங்கினால் பி.எச். ஏறி மீன் செத்துப்போகலாம்.

மரச்சில்லும் மரத்தூளும் கொஞ்சம் தள்ளிய இடத்துக்குத்தான். கரை ஓரத்தில் போட்டால் பெருமழையில் மிதந்து உள்ளே வந்து தண்ணீரைத் தேநீர் நிறமாக்கும்.

எனக்குப் பிடித்தது செடி. வல்லாரை, பொடுதலை, நீர்ப்பிரம்மி என்று ஈரத்தில் படர்கிற எதுவானாலும் சரி. கரையை மூடிக்கொள்ளும், மண்ணைப் பிடித்துவைக்கும், களைக்கும் பாசிக்கும் போகிற சத்தைத் தான் உறிஞ்சிக்கொள்ளும். மாதம் ஒருமுறை கத்தரிக்காவிட்டால் இதுவே களையாகிவிடும் என்பது வேறு விஷயம்.

மற்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நெருப்பு, தார்ப்பாய் இருக்கும் இடத்தில் பேச்சுக்கே வேண்டாம். கொதிநீர் நடைபாதை இடுக்குக்கு அருமை, குளக்கரைக்கு இல்லை. புல்கெண்டை தண்ணீருக்குள் இருக்கும் களையைத்தான் தின்னும், கரையில் ஏறி மேயாது; ஒரு மீட்டருக்கு மேலும் வளரும் அந்த மீனுக்கு வீட்டுக் குளம் சிறை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், நல்ல மழையில் ஒருநாள் குடையோடு போய் ஐந்து நிமிடம் கரையில் நின்று பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து குளத்துக்குள் இறங்குகிறதோ, அங்கே ஒரு சாண் உயரத்துக்கு மண் வரப்பு போடுங்கள். பத்தடி தள்ளி யாரோ போட்ட உரமும் அடித்த மருந்தும் வருவது அந்த வழியாகத்தான்.