வெளிப்படுத்தின விசேஷத்துக்குத் துணை: லூதரா, பெங்கலா?

எங்கள் வேதபாட வகுப்பில் இந்த முறை பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் படிப்பது என்று முடிவானது. நடத்தும் பொறுப்பு என்மேல் விழுந்தது. கையில் பிடித்துக்கொள்ளப் பழைய சீர்திருத்த மரபிலிருந்து ஒரு துணை நூல் தேடினேன். சீர்திருத்தவாதி கால்வின் உதவ மாட்டார். புதிய ஏற்பாட்டில் ஏறக்குறைய எல்லாப் புத்தகங்களுக்கும் உரை எழுதிய அவர் இதற்கு எழுதவில்லை. கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒன்று, மார்ட்டின் லூதர் 1530இல் இந்தப் புத்தகத்துக்கு எழுதிய முன்னுரை. மற்றது, ஜெர்மன் லூத்தரன் அறிஞர் யோஹான் ஆல்பிரெக்ட் பெங்கல் புதிய ஏற்பாட்டுக்கு எழுதிய உரையான 'நோமோன்', 1742. இரண்டையும் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். அதனால் நடையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. நான் எடுத்துக்கொண்டது லூதரை.

அளவு தெரிந்த விஷயம்தான். லூதருடையது ஒரே மாலையில் முடிந்துவிடும். பெங்கலுடையது வசனம் வசனமாகப் போகும், மாதக்கணக்கில் கூடவே வரும். கிரேக்கச் சொல் நுணுக்கம் வேண்டுமென்றால் பெங்கல்தான், அதில் போட்டியே இல்லை. 1734இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பிரதிகளோடு ஒப்பிட்டுப் பதிப்பித்தவர் அவர். ஒரே வசனம் இரண்டு கைப்பிரதிகளில் வேறுவேறாக இருந்தால் எளிதான வாசகத்தைவிடக் கடினமானதையே நம்பலாம் என்று அவர் வகுத்த விதியை இன்றும் பாட ஆய்வாளர்கள் கைவிடவில்லை. டென்கென்டார்ஃப் மடத்துப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் பையன்களுக்குப் பாடம் சொன்ன மனிதர், எழுத்திலும் அந்தப் பொறுமை தெரியும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755இல் புதிய ஏற்பாட்டுக்குக் குறிப்புகள் எழுதியபோது பெரும்பகுதி இவரைத்தான் நம்பினார்.

லூதரை எடுப்பவர்கள் ஒன்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் இந்தப் புத்தகத்துக்கு எழுதிய முன்னுரைகள் இரண்டு. 1522 செப்டம்பரில் வந்த ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் இருப்பது மிகச் சிறியது, கடுமையானது. இது அப்போஸ்தலன் எழுதியதாகவோ தீர்க்கதரிசனமாகவோ எனக்குத் தோன்றவில்லை, என் ஆவி இதில் ஒட்டவில்லை என்று நேரடியாகவே எழுதிவிட்டார். பொருளடக்கத்தில் எபிரெயர், யாக்கோபு, யூதா நிருபங்களோடு இதையும் எண் போடாமல் கடைசியில் தள்ளினார். அதே பதிப்பில் லூக்காஸ் கிரானாக்கின் பட்டறை இந்தப் புத்தகத்துக்கு மட்டும் 21 மரச்செதுக்குப் படங்கள் கொடுத்திருந்தது. பதினேழாம் அதிகாரத்தில் வரும் பாபிலோன் வேசியின் தலையில் போப்பின் மும்முடி. டிசம்பர் பதிப்பில் அந்த முடியை வெட்டிச் சாதாரண கிரீடமாக்க வேண்டி வந்தது.

எட்டு வருடம் கழித்து அந்த முன்னுரையை எடுத்துவிட்டுப் புதிதாக, பல மடங்கு நீளமாக எழுதினார். எழுதியவர் யார் என்ற சந்தேகம் போகவில்லை, அதை மறைக்கவும் இல்லை. தீர்க்கதரிசனத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறார்: நேரான சொல்லில் வருவது, உருவகத்தில் வந்து விளக்கமும் சேர்ந்து வருவது, விளக்கமே இல்லாமல் உருவகமாக மட்டும் வருவது. இந்தப் புத்தகம் மூன்றாவது வகை என்கிறார். ஆகவே சபையின் நடந்த சரித்திரத்தை எடுத்து, படங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்போம் என்கிறார். அப்படிப் பார்த்து, ஒன்பதாம் அதிகாரத்தின் முதல் ஆபத்து என்பது கிறிஸ்துவின் தெய்வத்தன்மையை மறுத்த பழைய போதகர் ஆரியு, இருபதாம் அதிகாரத்தில் பரிசுத்தவான்களைச் சூழ்ந்துகொள்ளும் கோகும் மாகோகும் துருக்கியர் என்று வரிசையாக ஆள் குறிக்கிறார். துருக்கிப் படை வியன்னாவை முற்றுகையிட்டது 1529இல், அதாவது முந்தைய வருடம். அந்தப் பயம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. இஸ்லாமைப் பற்றியும் போப்பைப் பற்றியும் அவர் எழுதியதை நான் வகுப்பில் வாசிக்கவில்லை, ஏற்றுக்கொள்ளவும் இல்லை.

சரி, அப்படியிருந்தும் ஏன் லூதர்? என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே ஒரு கேள்வி: காலம் பொய்யாக்கிய பகுதியைக் கழற்றி எடுத்தால் மிச்சம் நிற்குமா?

பெங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்றாம் அதிகாரத்தில் மிருகத்துக்கு 42 மாதம் என்று இருக்கிறது, அதன் இலக்கம் 666 என்றும் இருக்கிறது. 666ஐ வருடங்களாக எடுத்து 42ஆல் வகுத்தார். ஒரு தீர்க்கதரிசன மாதம் என்பது 15 வருடம் 10 மாதத்துக்குச் சற்று மேல் என்று வந்தது. இந்த அளவுகோலை வைத்து மற்ற காலக்குறிப்புகளையும் அளந்தார். மிருகம் விழுவது 1836இல் என்று முடித்தார். 1740இல் தனி நூலாகவே இதை விளக்கினார். இது வெறும் ஓரக்குறிப்பு அல்ல. புத்தகத்தில் வரும் எக்காளமும் கலசமும், கிறிஸ்துவோடு பரிசுத்தவான்கள் ஆளும் ஆயிர வருட அரசாட்சியும் அந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணி. ஒன்று அறுந்தால் எல்லாம் அறும். ஆயிர வருடம் என்பதையே அடுத்தடுத்து வரும் இரண்டு ஆயிரமாக அவர் பிரித்தது வேறு. மரணத்திலிருந்து எழுந்திருக்கும் முன்பே பரிசுத்தவான்கள் பூமியை ஆளுவார்கள் என்ற போதனையை லூத்தரன் சபைகளின் அடிப்படை விசுவாச அறிக்கையான 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 17ஆம் பிரிவு மறுக்கிறது. லூத்தரன் சபையில் உட்கார்ந்து இதைக் கற்பிக்கும்போது அந்த நெருடலையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

பெங்கல் நேர்மையான மனிதர். 1836 பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் கடந்துபோனால் என் முறையில் அடிப்படைப் பிழை இருக்கிறது, தேடிப் பாருங்கள் என்று தானே எழுதிவைத்தார். அவர் இறந்தது 1752இல். ஆனால் தென்மேற்கு ஜெர்மனியில் அவருடைய சொந்தப் பகுதியான வூர்ட்டெம்பெர்க் மக்கள் அந்த வருடத்தை நோக்கியே வாழ்ந்தார்கள். 1817இல் குடும்பம் குடும்பமாகக் காக்கசஸ் பக்கம் கிளம்பிப் போனார்கள். அதற்குப் பஞ்சமும் ஒரு காரணம், நெருங்கி வரும் முடிவின் எதிர்பார்ப்பும் ஒரு காரணம். 1819இல் ஸ்டுட்கார்ட் அருகே கோர்ன்டால் என்ற ஊரையே காத்திருப்பவர்கள் உண்டாக்கினார்கள். 1836 வந்தது, போனது.

இப்போது லூதரிடமிருந்து துருக்கியரைக் கழற்றுங்கள், ஆரியுவையும் கழற்றுங்கள். மிச்சம் என்ன? ஆபத்துகளுக்கு நடுவில் இரண்டு ஆறுதல் படங்களை அவர் எடுத்துக் காட்டுவது அப்படியே நிற்கிறது: பதினொன்றாம் அதிகாரத்தின் இரண்டு சாட்சிகள், பன்னிரண்டாம் அதிகாரத்தின் கர்ப்பவதியான ஸ்திரீ. இந்தப் புத்தகம் ஆறுதலுக்கும் எச்சரிப்புக்கும் என்று அவர் சொல்வது நிற்கிறது. சபை கண்ணுக்குப் பரிசுத்தமாகத் தெரியாது, அது விசுவாசிக்க வேண்டிய காரியம் என்ற முடிவுப் பகுதி அப்படியே நிற்கிறது.

லூதரும் கணக்குப் போட்டார் என்று சிலர் சொல்வார்கள், உண்மைதான். 1541இல் உலக வரலாற்றுக்கு ஒரு கால அட்டவணை வெளியிட்டார், முடிவு அருகில் இருப்பதாகவே நம்பினார். ஆனால் லோகாவ் ஊர்ப் போதகர் மிகாயேல் ஸ்டீஃபெல் 1533 அக்டோபரில் காலை எட்டு மணிக்கு உலகம் முடியும் என்று நாள் குறித்தபோது அதை ஏற்காதவர் லூதர். அந்த நாள் கடந்தது, ஸ்டீஃபெலின் வேலை போனது. அவருக்காகப் பரிந்து பேசி வேறு சபை கிடைக்கச் செய்தவர்களில் லூதரும் ஒருவர். இந்த ஸ்டீஃபெல்தான் 1544இல் இயற்கணிதத்துக்குப் பெயர்பெற்ற நூல் எழுதியவர்.

வகுப்பின் இரண்டாம் வாரமே ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, ஆயிர வருஷ அரசாட்சி எப்ப ஆரம்பிக்கும்?" பெங்கல் என் கையில் இருந்திருந்தால் ஒரு எண்ணைச் சொல்லி, அப்புறம் அது ஏன் தவறியது என்று மூன்று வாரம் விளக்கியிருப்பேன். பன்னிரண்டாம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னேன்.

பெங்கலை அலமாரியில் பூட்டிவைக்கவில்லை. முதல் மூன்று அதிகாரங்களில் ஏழு சபைகளுக்கு வரும் கடிதங்களுக்கு அவர் எழுதிய சொற்குறிப்புகளை ஒவ்வொரு வாரமும் பார்த்துக்கொண்டுதான் போனேன். அங்கே கணக்கு கிடையாது. முழுவதும் பெங்கலோடு மட்டுமே ஒரு வகுப்பு நடத்தியவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும், எனக்கு அந்த அனுபவம் இல்லை. நான்காம் அதிகாரத்திலிருந்து என் மேசையில் லூதர்தான்.