கடையில் காட்டியது ஒரு டிவி, வீட்டுக்கு வந்தது வேறொரு டிவி: ஒரு மாதச் சம்பளம் போயிற்று

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். அளவான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய திரை டிவி வாங்கக் கிளம்புகிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். என்னவெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கடையின் பெயர் வேண்டாம். பல கிளைகள் வைத்திருக்கும் பெரிய மின்னணுச் சாதனக் கடை, அவ்வளவுதான். என் கையில் இருந்தது ஒரு முழு மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகை. சிறுகச் சிறுகச் சேர்த்தது. அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. தவணை முறையில் வாங்கவும் விருப்பமில்லை.

விவரம் தெரியாமல் நான் போகவில்லை. சோபாவிலிருந்து சுவர் வரை அளந்தேன். இரண்டரை மீட்டர் இருந்தது. அந்தத் தூரத்துக்கு 65 இன்ச் சரியாக இருக்கும் என்று முடிவுசெய்தேன். 65 இன்ச் என்பது மூலைக்கு மூலை எடுக்கும் அளவு. திரையின் அகலம் ஏறக்குறைய 144 சென்டிமீட்டர்தான், அதையும் சுவரில் குறித்துப் பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை என் பணத்துக்கு எட்டாது. கியூஎல்இடி என்று விற்பதும் அடிப்படையில் எல்சிடிதான், நிறத்துக்காக ஓர் அடுக்கு கூடுதலாக இருக்கும். எல்சிடி திரையில் ஒளி பின்னாலிருந்து வருகிறது. முன்னால் இருக்கும் புள்ளிகளால் அந்த ஒளியை முழுவதுமாக மறைக்க முடியாது. அதனால்தான் மலிவான டிவியில் இருட்டுக் காட்சி வந்தால் கருப்பு சாம்பலாகத் தெரிகிறது. பின்னொளியைப் பல பகுதிகளாகப் பிரித்து, இருட்டான இடத்தில் மட்டும் மங்கச் செய்யும் டிவியில் இந்தக் குறை வெகுவாகக் குறையும். மற்றதெல்லாம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை, இது மட்டும் இருக்க வேண்டும். இதைக் கடைக்குள் நுழைந்ததுமே விற்பனையாளரிடம் தெளிவாகச் சொன்னேன்.

அவரும் அக்கறையாகத்தான் கேட்டுக்கொண்டார். "இவ்வளவு விவரமாகக் கேட்கிறவர்களுக்கு விற்பதில் எனக்கும் சந்தோஷம்தான் அக்கா" என்றார். அங்கே ஓடிக்கொண்டிருந்தது வழக்கமான கடைப் படம்: பூக்கள், மீன்கள், கண்ணைக் கூசும் நிறங்கள். அதை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். கடைக்கான பளிச்சென்ற அமைப்பை மாற்றி சினிமா அமைப்பில் வைக்கச் சொன்னேன், வைத்தார். நான் கொண்டுபோயிருந்த பென் டிரைவைச் செருகி, இருட்டு அறையில் ஒற்றை விளக்கு எரியும் காட்சியையும் கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் ஏறும் காட்சியையும் போட்டுக் காட்டினார். மேலே எரிந்த விளக்கொன்றைக்கூட நான் கேட்காமலேயே அணைத்தார். எழுத்துகளைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் இருந்தது, பகுதி பகுதியாக மங்கும் திரையில் அது இருக்கத்தான் செய்யும். நான்கு மூலைகளும் கருப்பாகவே இருந்தன. பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, எங்கள் அம்மாவுக்கு வாங்குவதாக இருந்தாலும் இதைத்தான் வாங்குவேன்" என்றார்.

அந்த வார்த்தையில்தான் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒரு மாதச் சம்பளம், மொத்தமாக, அதே இடத்தில். பில்லில் டிவியின் வரிசைப் பெயரும் 65 இன்ச் என்பதும் மட்டுமே இருந்தன. மாடல் எண் எங்கே என்று கேட்டேன். "டெலிவரியின்போது சீரியல் எண்ணோடு முழு பில் வரும் அக்கா" என்றார். காட்சிக்கு வைத்திருந்த டிவியின் விவர அட்டையை மட்டும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். இன்று என் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

டிவி வந்தது. கொண்டுவந்தவர்கள் சுவரில் மாட்டி, படம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, "அட்டைப்பெட்டி, தெர்மகோல் எல்லாம் உங்களுக்குத் தொல்லை, நாங்களே எடுத்துப்போகிறோம்" என்று அள்ளிக்கொண்டு போனார்கள். அவசரம் அவசரமாக ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். முழு பில் வரவே இல்லை.

இரவு விளக்கை அணைத்துவிட்டு அதே பென் டிரைவைப் போட்டேன். கீழ் இரு மூலைகளிலும் வெண்மேகம்போல வெளிச்சம் கசிந்தது. கருப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல். அமைப்புகளில் பின்னொளியைப் பகுதியாக மங்கச் செய்யும் தேர்வையே காணோம். டார்ச் அடித்து டிவியின் பின்பக்க ஸ்டிக்கரைப் படித்தேன். நான் படம் எடுத்து வைத்திருந்த மாடல் எண்ணும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் வேறு. தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில் இரண்டையும் ஒப்பிட்டேன். கடையில் பார்த்தது 120 ஹெர்ட்ஸ் திரை (நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும்), பகுதிவாரிப் பின்னொளி. என் சுவரில் தொங்குவது 60 ஹெர்ட்ஸ், பகுதிவாரிப் பின்னொளி கிடையாது. நான் எதை வேண்டும் என்று தெளிவாகக் கேட்டேனோ, சரியாக அது மட்டும் இல்லாத டிவி!

அதன் பிறகு நடந்த அலைக்கழிப்புதான் இன்னும் கொதிக்க வைக்கிறது. தொலைபேசியில் எடுத்தவர், "புது டிவி அப்படித்தான் இருக்கும், ஓடஓடச் சரியாகிவிடும்" என்றார். பின்னொளி எப்படி ஓடஓடச் சரியாகும்? அடுத்து எடுத்தவர் அப்டேட் வரும் என்றார். எந்த அப்டேட்டும் டிவிக்குள் இல்லாத விளக்குகளைக் கொண்டுவந்து வைக்காது. நேரில் போனேன். அதே விற்பனையாளர், அம்மாவுக்கு வாங்குவேன் என்றவர், இப்போது என்னை "மேடம்" என்கிறார். "அது பழைய ஸ்டாக் மேடம், இது புது ஸ்டாக், கம்பெனி மாற்றினால் நாங்கள் என்ன செய்ய முடியும்?" மேலாளர் உட்காரக்கூடச் சொல்லாமல், "படம் வருகிறதல்லவா, பிறகென்ன குறை?" என்று கேட்டார். ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தவளிடம் கேட்கும் கேள்வியா இது?

சர்வீஸ் சென்டருக்குத் தள்ளிவிட்டார்கள். வந்த தொழில்நுட்பர் நேர்மையானவர், அதைச் சொல்லத்தான் வேண்டும். பார்த்துவிட்டு, "இதில் பழுது ஒன்றும் இல்லை, இந்த மாடலே இப்படித்தான்" என்று அறிக்கையிலும் எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு மீண்டும் கடைக்குப் போனால், "பழுதில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்களே, எதற்காக மாற்றித் தர வேண்டும்?" என்கிறார்கள். பழுதென்று நான் எப்போது சொன்னேன்? தவறான மாடலைக் கொடுத்திருக்கிறீர்கள் என்றுதானே முதல் நாளிலிருந்து சொல்கிறேன்! கடைசியாக வந்ததுதான் உச்சம்: "பெட்டி எங்கே மேடம்? பெட்டியில்லாமல் திரும்ப எடுக்க முடியாது." பெட்டியை எடுத்துப்போனது அவர்களுடைய ஆட்கள்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். இருக்கும் மனநிலையில் முடியவில்லை. முக்கியமானதை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

மாடல் எண் கடைசி எழுத்து வரை பில்லில் ஏறாமல் பணத்தை எடுக்காதீர்கள். டெலிவரிக்கு வந்தால் பெட்டியைப் பிரிக்கும் முன்பே ஸ்டிக்கரைப் படித்து ஒப்பிடுங்கள், வேறாக இருந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். பெட்டியையும் தெர்மகோலையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

"சப்போர்ட்" என்ற சொல்லைக் கேட்டாலே உஷாராகுங்கள். 4கே சப்போர்ட் என்று சொல்லி 1920 × 1080 புள்ளிகள் கொண்ட திரையைத் தலையில் கட்டுவார்கள். திரையே 3840 × 2160 தானா என்று கேளுங்கள். எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் முறை. எச்டிஆர் சப்போர்ட் என்றால் அந்தச் சிக்னலை டிவி ஏற்றுக்கொள்ளும் என்பது மட்டுமே. பெரும்பாலான எச்டிஆர் படங்கள் 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) அல்லது அதற்கும் மேலான வெளிச்சத்தைக் கணக்கில் வைத்துத் தயாரிக்கப்படுகின்றன, 300 நிட்ஸ் திரையில் அந்த வித்தியாசம் தெரியாது. பெட்டியில் 120, 240 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அது திரையின் உண்மையான ஹெர்ட்ஸா, அசைவைச் செயற்கையாக மென்மையாக்கும் கணக்கா என்று பாருங்கள். பெயர் தெரியாத மலிவு டிவிகளில் வேறொரு சிக்கல்: உரிய சான்று இல்லாததால் படம் பார்க்கும் சில ஆப்கள் 480 வரித் தரத்துக்கு மேல் போகாது. எவ்வளவு பெரிய 4கே திரையாக இருந்தாலும் இதே கதிதான்.

எழுத்து மூலமான புகார் அனுப்பிவிட்டேன். கடையில் எடுத்த விவர அட்டைப் படம், டிவியின் பின்பக்க ஸ்டிக்கர் படம், தொழில்நுட்பரின் அறிக்கை மூன்றையும் இணைத்திருக்கிறேன். ஒரு மாதச் சம்பளத்தை இவர்களுக்கு விட்டுக்கொடுப்பதாக இல்லை. பதில் வந்தால் எழுதுகிறேன்.