சோரியாசிஸோடு ஊரில் ஐந்து வாரம்: 38,000 ரூபாயும் காலி பாட்டிலும்

கனடாவின் ஸ்கார்பரோவில் குளிர் தொடங்கியதுமே முழங்கையிலும் கெண்டைக்காலிலும் சோரியாசிஸ், அதாவது தோல் சிவந்து செதில் செதிலாக உரியும் நோய், கிளம்பிவிட்டது. பதினோரு வருஷமாகக் கூடவே இருக்கிற ஆள்தான், ஹீட்டர் ஓடும் வீட்டில் தோல் காய்ந்தால் கொஞ்சம் ஆட்டம் போடும், ஆனால் இந்த முறை கறுப்புச் சட்டை போட முடியாத அளவுக்குத் தலையிலிருந்து செதில் கொட்டியது. ஜனவரியில் அம்மாவைப் பார்க்கப் போவதாக இருந்தேன், அப்படியே இதற்கும் ஒரு வழி பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். 'குடல் சரியானால் தோல் சரியாகும்' என்று யூடியூபில் ஆளாளுக்குச் சொன்னது மண்டையில் ஏறியிருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சென்னையில் இறங்கிய மறுநாளே ஒரு தனியார் மையம். ஏசி, வெட்டிவேர் வாசனை, 14 நாள் குடல் சுத்திகரிப்பு பேக்கேஜ் 38,000 ரூபாய். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள், தோலைப் பார்க்கவே இல்லை, நானாகத்தான் சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். கனடாவில் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பை அன்றைக்கே நிறுத்த வேண்டுமாம். கோதுமை, பால் கூடாது, காலையில் கம்பங்கூழ், ராத்திரி வரகரிசிச் சோறு. கூடவே பெயர் ஒட்டாத டப்பாவில் பழுப்பு நிறத்தில் ஒரு பொடி, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் 'பரம்பரை மருந்து சார்' என்பதோடு பேச்சு முடிந்தது. பொடியை நான் தொடவில்லை, அந்த மட்டில் புத்தி இருந்தது. களிம்பை மட்டும் நிறுத்தித் தொலைத்தேன். குளோபெட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் போட்டுவிட்டுப் பட்டென்று விட்டால் நோய் முன்பைவிட மோசமாகத் திரும்பலாம், இது பதினோரு வருஷத்தில் எனக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஒன்பதாம் நாள் கணுக்கால் வரை சிவந்து வெடித்துவிட்டது. போன் போட்டால் 'நச்சு வெளியேறுது சார், நல்ல அறிகுறிதான்'. பணம் திரும்ப வரவில்லை, வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

திருநெல்வேலிக்கு வந்ததும் அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள்: 'அரசாங்க ஆஸ்பத்திரின்னா ஆகாதா உனக்கு? பாளையங்கோட்டையில சித்தா ஆஸ்பத்திரி இருக்கில்ல, அங்க போ.' 1964ல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை. காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என் கையைப் பார்த்துவிட்டு, 'தம்பி, எண்ணெய்க்கு பாட்டில் கொண்டாந்தியளா?' என்றார். கொண்டுவரவில்லை. வெளியே போய் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடித்துக் காலி செய்துவிட்டு வந்தேன், உள்ளே ஈரம் இருக்கிறது என்று மருந்து கொடுக்கும் அம்மா அதையும் வாங்க மறுத்துவிட்டார். கடைசியில் அந்த அண்ணாச்சிதான் பையிலிருந்து காய்ந்த பாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். வெளிச்சத்தில் நிறுத்திக் கை, கால், நகம், தலை எல்லாம் பார்த்தார், மூட்டு வலிக்கிறதா, சமீபத்தில் தொண்டை வலி வந்ததா, பீர் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டார். 'காளாஞ்சகப்படை' (சித்தாவில் சோரியாசிஸுக்கு அதுதான் பெயர்) என்று சீட்டில் எழுதிவிட்டு, 'களிம்ப யாரு சார் நிறுத்தச் சொன்னது?' என்றார். முதலில் தோல் டாக்டரைப் பார்த்து அதைப் படிப்படியாகக் குறைக்கிற வழியைக் கேட்டு வாருங்கள், ஈரல், சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை எடுத்து வாருங்கள், அப்புறம்தான் உள்ளுக்கு மருந்து என்று அனுப்பிவிட்டார். அன்றைக்குக் கிடைத்தது வெட்பாலைத் தைலமும் ஒரு பத்தியமும்தான்.

அந்தப் பத்தியத்தில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. கத்தரிக்காய், கருவாடு, மீன் ஆகாது, சரி. கம்பு, சோளம், வரகும் ஆகாதாம்! சித்த மருத்துவத்தில் இதெல்லாம் கரப்பான் பண்டம், அதாவது தோல் நோயைக் கிளப்பிவிடும் சாப்பாடு, தோல் நோய்க்காரன் தொடக்கூடாது. சென்னையில் காசு வாங்கிக்கொண்டு சாப்பிடச் சொன்ன அதே கம்பும் வரகும்.

ரிப்போர்ட் சரியாக வந்த பிறகு ஒரு நாள் பேதிக்குக் கொடுத்தார்கள். உடம்பில் வாதம், பித்தம், கபம் என்று மூன்று உண்டு, பேதி அதில் வாதத்தைத் தாழ்த்தும் என்பது அவர்கள் கணக்கு. விடியற்காலை மருந்து, மதியம் வரை எட்டுத் தடவை, மோரும் ரசஞ்சோறும் தவிர ஒன்றும் கிடையாது, பகலில் தூங்கவும் கூடாது. அதற்கப்புறம் உள்ளுக்குப் பறங்கிப்பட்டை சூரணம், ஒரு மூலிகைப் பொடி. வெட்பாலைத் தைலம் என்பது வெட்பாலை மரத்து இலையைக் கையால் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைப்பது, எண்ணெய் ஊதா நிறமாகிவிடும். அம்மாவின் வெள்ளைப் படுக்கை விரிப்பு இப்போது ஊதா. தேய்த்துக்கொண்டு காலை வெயிலில் மொட்டைமாடியில் நின்றேன்.

மூன்றாம் வாரத்தில் செதில் குறைந்தது, முழங்கை வழவழப்பாகியது, கால் இன்னும் முழுதாக ஆறவில்லை. இது பேதியால் வந்ததா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் சோரியாசிஸுக்கு நல்லது, பீர் நின்றது, நாலு கிலோ குறைந்தது, தோல் டாக்டர் சொன்னபடி களிம்பும் பாதி அளவில் ஓடிக்கொண்டிருந்தது. சோரியாசிஸ் உள்ளவர்களின் குடல் பாக்டீரியாக்கள் வேறு மாதிரி இருப்பதை ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள், எது எதற்குக் காரணம் என்பது முடிவாகவில்லை. அமெரிக்காவின் தேசிய சோரியாசிஸ் அறக்கட்டளை 2018ல் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதில் முக்கியமானது இதுதான்: கூடுதல் எடை இருந்தால் குறையுங்கள், ரத்தத்தில் குளூட்டன் (கோதுமையில் இருக்கும் புரதம்) ஒத்துக்கொள்ளாததற்கான அடையாளம் இருப்பவர்கள் மட்டும் குளூட்டன் உள்ள உணவை விடுங்கள். டாக்டரம்மாவிடம் 'முழுசா போயிருமா?' என்று கேட்டேன். 'அடங்கும் சார், திரும்ப வரும், வந்தா வாங்க' என்றார்.

போகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டையும் சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயர்களையும் எடுத்துப் போங்கள். பாட்டில் இரண்டு, நன்றாகக் காயவைத்தது. ஒன்று உங்களுக்கு, இன்னொன்று பக்கத்தில் என்னை மாதிரி எவனாவது வெறுங்கையோடு வந்து உட்கார்ந்திருப்பான்.