மலேசிய வேலைக்குப் பணம் கட்டுமுன்: யாங்கோனில் எங்கள் குடும்பம் ஏமாந்த விதம்

மியான்மாரின் யாங்கோனில் உளுந்தும் துவரையும் இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்யும் ஒரு கிட்டங்கியில் நான் கணக்கு எழுதுகிறேன். 2024 ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையில், என் தம்பிக்கு மலேசியாவில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு தரகரிடம் எங்கள் குடும்பம் 65 லட்சம் கியாட்டைக் கொடுத்து ஏமாந்தது. அவர் நம்மவர், நல்ல தமிழ் பேசுகிறவர், கோயில் அன்னதானத்தில் பந்தி பரிமாறுகிறவர். பெயரை எழுத வேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அவர் நடந்துகொண்ட முறையை மட்டும் ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அதே முறையில் இன்னும் பணம் வாங்கப்படுகிறது.

அந்த நாட்கள் எப்படிப்பட்டவை என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். 2024 பிப்ரவரி 10 அன்று கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வருவதாக இராணுவ அரசு அறிவித்தது. 18 முதல் 35 வயது வரையுள்ள ஆண்கள் அதற்குள் அடங்குவர், என் தம்பிக்கு அப்போது 22 வயது. யாங்கோனில் உள்ள தாய்லாந்துத் தூதரகம் விசாவுக்கு ஒரு நாளைக்கு 400 பேருக்குத்தான் டோக்கன் கொடுத்தது. மண்டலேயில் பாஸ்போர்ட் அலுவலக வரிசையில் நெரிசல் ஏற்பட்டு இரண்டு பெண்கள் இறந்தார்கள். 2021-இல் இராணுவம் ஆட்சியைப் பிடிப்பதற்கு முன்பு ஒரு டாலருக்கு ஏறக்குறைய 1,330 கியாட்டாக இருந்த மதிப்பு, வெளிச்சந்தையில் 4,000-ஐயும் தாண்டிவிட்டிருந்தது. என் நான்கு லட்சம் சம்பளத்தில் அரிசியும் எண்ணெயும் வாங்கிய பிறகு கையில் எதுவும் நிற்காத காலத்தில்தான் அந்த மனிதர் எங்கள் வீட்டு வாசற்படி ஏறினார்.

கிள்ளானில் தமிழர் நடத்தும் சூப்பர் மார்க்கெட்டுக்குத் தமிழ் தெரிந்த பிள்ளைகள்தான் வேண்டும் என்றும், மாதம் 2,200 ரிங்கிட் சம்பளம், தங்குமிடம் இலவசம் என்றும் சொன்னார். மலேசியாவில் அப்போது குறைந்தபட்ச ஊதியம் 1,500 ரிங்கிட். வெளிநாட்டுத் தொழிலாளர்களை அந்த நாடு குறிப்பிட்ட சில துறைகளுக்கு மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அனுபவமில்லாத ஒரு பையனுக்கு அவ்வளவு சம்பளத்தில் கடையில் நிற்கும் வேலை எப்படிக் கிடைக்கும் என்று நான் அன்றே கேட்டிருக்க வேண்டும். "நம் பிள்ளைகள் சீனன் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் போய்க் கஷ்டப்படக் கூடாது, அம்மா" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையில் அம்மா கரைந்துபோனார். இரண்டு வளையல்களையும் விற்று, சேமிப்பையும் சேர்த்து ஏப்ரலில் 25 லட்சம் கொடுத்தோம். பாஸ்போர்ட்டையும் கொடுத்தோம்.

உரிமம் பெற்ற ஒரு ஏஜென்சியின் பெயர் அச்சிட்ட ரசீது கொடுத்தார். முத்திரை மங்கலாக இருந்தது. கையெழுத்து இருந்த இடத்தில் வெறும் இரண்டு எழுத்துகள். அதன் எண் 07. ஜூன் மாதம் இன்னொரு 20 லட்சம் கொடுத்தபோது கிடைத்த ரசீதின் எண் 08. ஒவ்வொரு மாதமும் நூற்றுக்கணக்கானோரை அனுப்புவதாகச் சொன்ன நிறுவனம், இரண்டு மாதங்களில் எங்களைத் தவிர வேறு ஒருவருக்கும் ரசீது எழுதவில்லை. கிட்டங்கியில் ரசீது எண்களை வரிசைப்படி சரிபார்ப்பதே என் அன்றாட வேலையாக இருந்தும், அந்த இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்கு ஆகஸ்ட் வரை ஆயிற்று.

இந்த இரண்டு தவணைகளுக்கும் இடையில் நடந்ததுதான் முக்கியம். மே மாதத் தொடக்கத்தில் நம் அரசு, வெளிநாட்டு வேலைக்கான ஆண்களின் விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தியது. ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மே 31-க்குள் வந்து சேர வேண்டும் என்று மலேசிய அரசு வைத்த கெடுவும் அந்த மாதத்தோடு முடிந்தது; அதற்குள் போய்ச் சேர முடியாமல் பங்களாதேஷில் ஆயிரக்கணக்கானோர் விமான நிலையத்தில் தவித்தார்கள். இரண்டு பக்கக் கதவும் சாத்திவிட்ட பிறகு, ஜூலையில் அவர் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, காலிங் வந்தாச்சு, மிச்சத்தைப் போட்டுவிடுங்கள்" என்றார். காலிங் என்பது வேலைக்கு வர மலேசியா தரும் விசா அனுமதிக் கடிதம். அனுப்பிய படத்தில் தேதி ஜூலை என்றே இருந்தது. துறை என்ற இடத்தில் தோட்டம் என்று இருந்தது. கேட்டதற்கு, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்றார். மீதி 20 லட்சத்தை யாரோ மூன்றாமவர் கணக்குக்குக் கைபேசி வழியாக அனுப்பினோம். அதற்கு ரசீதே இல்லை.

பிறகு வழி மாறியது. விமானம் வேண்டாம், ஒரு பையோடு பா-ஆன் வந்தால் எல்லை ஊரான மியாவடி வழியாகத் தாய்லாந்துக்குள் இறக்கி, அங்கிருந்து தெற்கே மலேசிய எல்லை வரை கொண்டுபோய் விடுவார்கள் என்றார். மியாவடி என்ற பெயரைக் கேட்டதும் அம்மா, போனது பணத்தோடு போகட்டும் என்று சொல்லித் தம்பியை வெளியே விடவில்லை. வேலை என்று நம்பி அழைத்துச் செல்லப்பட்டவர்களை அந்தப் பகுதியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைத்திருந்ததை நாம் அறிவோம். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை மியாவடிக்கு எதிரே தாய்லாந்தில் உள்ள மே சோட்டிலிருந்து மீட்டுச் சென்ற இந்தியர்கள் மட்டும் 549 பேர். அம்மா அன்று எடுத்த முடிவை நினைத்து நான் இன்றும் கைகூப்புகிறேன்.

ரசீதில் இருந்த ஏஜென்சிக்கு நேரில் போனேன். அந்தத் தரகர் தங்கள் ஊழியர் அல்லர் என்றும், ரசீது தங்களுடையது அல்ல என்றும் சொன்னார்கள். பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரவே தரகர் இன்னும் ஐந்து லட்சம் கேட்டு வாங்கினார். நம் ஆட்கள் பலருக்கு அடையாள அட்டைச் சிக்கலால் பாஸ்போர்ட் கிடைப்பதே பெரும்பாடு என்பதால், அதைக் கையில் வைத்திருப்பவர் குடும்பத்தையே பிடித்து வைத்திருக்கிறார். புகார் கொடுக்கலாம் என்றால், சேவை வயதில் இருக்கும் தம்பி நேரில் வந்து நிற்க வேண்டும். அவர் எங்களைத் தேர்ந்தெடுத்ததே இதனால்தான் என்று இப்போது புரிகிறது: புகார் கொடுக்க முடியாத வீடு எது என்று பார்த்துத்தான் அவர் படியேறுகிறார். எட்டு மாதம் நடந்து 20 லட்சம் திரும்ப வாங்கினேன். அந்தத் தொகையை வைத்து, விற்ற வளையல்களில் ஒன்றைக்கூடத் திரும்ப வாங்க முடியவில்லை, தங்கம் அவ்வளவு ஏறிவிட்டது.

யாராவது உங்களிடம் வந்தால், முதலில் வேலைக்கான 'பிஜே' வகைப் பாஸ்போர்ட் கேட்கிறாரா என்று பாருங்கள். என் தம்பியிடம் இருந்தது பயணத்துக்கான 'பிவி', அது போதும் என்று அவர் சொன்னதே பொய். ஆள் வேண்டும் என்று முதலாளி தரும் கோரிக்கைக் கடிதம் தொழிலாளர் அமைச்சகத்தின் ஒப்புதல் பெற்றதா என்பதை ஏஜென்சி அலுவலகத்திலேயே கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள். பணத்தை நிறுவனத்தின் கணக்கில் மட்டும் கட்டுங்கள். பாஸ்போர்ட்டின் நகல் போதாது என்று சொல்பவரிடம், அதை எந்த அலுவலகத்தில், எந்தத் தேதியில் கொடுக்கப் போகிறார் என்று எழுதி வாங்குங்கள்.

போன மாதம் மோல்மேனில் இருக்கும் எங்கள் உறவினர் ஒருவர் தம் மகனுக்கு வந்த காலிங் படத்தை எனக்கு அனுப்பி, சரிதானா என்று கேட்டார். அதே ஜூலை மாதத் தேதி, அதே தோட்டம், அதே முத்திரை. பெயர் இருந்த வரியில் மட்டும் எழுத்து சற்றுத் தடிமனாக இருந்தது. அவர்கள் இன்னும் பணம் கொடுத்திருக்கவில்லை.