லிப்சி அப்கிரேட் பாதியில் நின்றால்: திறந்த டெர்மினலா, லைவ் பென்டிரைவா, ஸ்னாப்ஷாட்டா?

டெபியன் 10 (லினக்ஸ் வகைகளில் ஒன்று) ஓடிக்கொண்டிருந்த பழைய மடிக்கணினி ஒன்றை, நடுவில் 11-ஐத் தொடாமல் நேராக 12-க்கு ஏற்றப் பார்த்தேன். ஒவ்வொரு வெளியீடாகத்தான் ஏற வேண்டும் என்று டெபியன்காரர்கள் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். தெரிந்தே செய்தேன், சோம்பேறித்தனம்தான். பேக்கேஜ்களை நிறுவும் ஏபிடி பாதி வழியில் நின்றது. பெர்ல் என்ற நிரல்மொழி ஓடவில்லை, 'லிப்கிரிப்ட்.எஸ்ஓ.1' கோப்பைக் காணோம் என்று திரை முழுக்க ஒரே புலம்பல்.

நடந்தது இதுதான். லிப்சி என்பது ஏறக்குறைய எல்லா புரோகிராம்களுக்கும் வேண்டிய அடிப்படை லைப்ரரி, அதாவது புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் கோப்பு. கடவுச்சொல்லைச் சரிபார்க்க உதவும் லிப்கிரிப்ட் லைப்ரரி, டெபியன் 10-இல் லிப்சி6 பேக்கேஜுக்குள்ளேயே இருந்தது. 11-இலிருந்து லிப்கிரிப்ட்1 என்ற பெயரில் தனிக்குடித்தனம் போய்விட்டது. புது லிப்சி6 வந்து இறங்கியதும் பழைய கோப்பு அழிந்தது. அதன் இடத்துக்கு வர வேண்டிய லிப்கிரிப்ட்1 இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில் பெர்ல் படுத்துவிட்டது. பேக்கேஜ்களை அமைக்கும் ஸ்கிரிப்டுகளில் பலவற்றுக்குப் பெர்ல் வேண்டும் என்பதால், அப்கிரேட் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

இந்த நிலையில் நம் முன்னால் இருப்பவை மூன்று வழிகள். எதைப் பிடிப்பது என்பது பெரும்பாலும் ஒரே கேள்வியைப் பொறுத்தது: ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) டெர்மினல் இன்னும் திறந்திருக்கிறதா?

திறந்த டெர்மினல்

இருப்பதிலேயே வேகமான வழி. என் விஷயத்தில் லிப்சி நல்லபடியாக இருந்தது, போனது லிப்கிரிப்ட் மட்டும். எல்எஸ், சிபி போன்ற அன்றாடக் கட்டளைகள், ஏபிடி எல்லாம் ஓடின. லிப்கிரிப்ட்1-இன் டெப் கோப்பை (டெபியன் பேக்கேஜ்) இறக்கி, தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் விரித்து, உள்ளே இருந்த லிப்கிரிப்ட்.எஸ்ஓ.1.1.0 கோப்பையும் அதைச் சுட்டும் சிம்லிங்க்கையும் லைப்ரரி ஃபோல்டருக்குக் காப்பி செய்தேன். அப்புறம், பாதியில் நின்றதைச் சரிசெய்யும் ஏபிடி-யின் ஃபிக்ஸ்-புரோக்கன். பத்து நிமிட வேலை.

ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு வருவதற்கு முன் ஒரு மணி நேரம் வீணடித்தேன். இன்னொரு டெர்மினலைத் திறந்து, ரூட் அதிகாரம் வாங்கித் தரும் சூடோ கட்டளையை அடித்தேன், கடவுச்சொல் தவறு என்பது போல நடந்துகொண்டது. கடவுச்சொல் சரிதான், அதைச் சரிபார்க்கும் பாம் யுனிக்ஸ் மாட்யூலுக்கும் அதே லிப்கிரிப்ட் வேண்டும். அப்கிரேட் ஓடிய ரூட் டெர்மினலை மட்டும் எரிச்சலில் மூடியிருந்தால் கதை வேறு.

லிப்சியே போய்விட்டால் கொஞ்சம் கடினம். எல்எஸ் கூட ஓடாது. ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும் பாஷ் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) மட்டும் உயிரோடு இருக்கும், அதன் உள்கட்டளைகள் வேலை செய்யும். எக்கோவுக்குப் பின் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் ஃபோல்டரில் உள்ள பெயர்கள் வரும். ஸ்டேட்டிக் பஸிபாக்ஸ் (பல கட்டளைகளை ஒரே கோப்பில் அடக்கிய கருவி) முன்பே நிறுவியிருந்தால் பிழைத்தோம், அதற்கு எந்த லைப்ரரியும் தேவையில்லை. இல்லையென்றால், புரோகிராமுக்கு வேண்டிய லைப்ரரிகளை ஏற்றித் தரும் டைனமிக் லோடரை நேராகவே அழைத்து, லைப்ரரிகள் இருக்கும் பாதையைக் கையால் கொடுத்து, அதன் வழியாக ஒரு புரோகிராமை ஓட்டலாம். லோடரும் லிப்சியும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

பழைய சிஸ்டங்களில் ஒரு சலுகை உண்டு. ஜிலிப்சி (டெபியன் போன்றவற்றில் இருக்கும் லிப்சி) 2.34 வருவதற்கு முன், அதாவது 2021 ஆகஸ்டுக்கு முன், லிப்சி.எஸ்ஓ.6 என்பது வெறும் சிம்லிங்க். உண்மைக் கோப்பு லிப்சி-2.31.எஸ்ஓ போன்ற பெயரில் பக்கத்திலேயே கிடக்கும். அறுந்தது லிங்க் மட்டும் என்றால், சில டிஸ்ட்ரோக்களில் இருக்கும் எஸ்எல்என் என்ற ஸ்டேட்டிக் கருவியால் ஒரே வரியில் ஒட்டிவிடலாம். 2.34-க்குப் பிறகு அந்தப் பெயரிலேயே உண்மைக் கோப்பு இருக்கிறது. போனால் போனதுதான்.

லைவ் பென்டிரைவ்

இரண்டு மாதம் கழித்து நண்பர் ஒருவர் இதே தாவலைத் தாவிவிட்டு போன் செய்தார். "அண்ணே, ரீஸ்டார்ட் பண்ணியும் பாத்துட்டேன்." அங்கேயே முதல் வழி மூடிவிட்டது. லாகின் திரை வரை வந்தது, உள்ளேதான் விடவில்லை. பூட் ஆகும்போது முதலில் தொடங்கும் புரோகிராமான இனிட்டுக்குத் தேவையான லைப்ரரியே போயிருந்தால் அதுவும் வந்திருக்காது; கெர்னல் பேனிக்கும் (லினக்ஸின் மையமே நின்றுபோவது), 0x00007f00 என்ற எக்ஸிட் கோடும்தான் வரும். அதில் உள்ள 7f என்பது 127. லைப்ரரி கிடைக்காமல் லோடர் கைவிரிக்கும்போது தரும் எண் அதுதான்.

பென்டிரைவில் பூட் செய்து, வட்டை மவுன்ட் செய்து, சிரூட் (அந்த வட்டில் உள்ள சிஸ்டத்துக்குள்ளேயே போகும் கட்டளை) அடி என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். லிப்சி போன சிஸ்டத்தில் இது நடக்காது. சிரூட் உள்ளே போய் முதலில் ஓட்டப் பார்ப்பது உள்ளே இருக்கும் பாஷைத்தான். அதற்கும் லிப்சி வேண்டுமே. எனவே லிப்சியை வெளியிலிருந்தே வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சிரூட்.

வைப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. டெப் கோப்பை நேராக மவுன்ட் செய்த வட்டின் மேல் விரிக்காதீர்கள். இன்றைய டெபியனில் லிப் என்பது யுஎஸ்ஆர் உள்ளே இருக்கும் லிப்பைச் சுட்டும் சிம்லிங்க். விரிக்கும்போது அது நிஜ ஃபோல்டராக மாறிவிட்டால், ஒரு லைப்ரரி காணாமல் போன சிஸ்டத்தில் எல்லா லைப்ரரியும் காணாமல் போனது போல ஆகும். தனி ஃபோல்டரில் விரித்து, வேண்டிய கோப்புகளை மட்டும் காப்பி செய்வதுதான் என் வழக்கம்.

மெதுவான வழிதான். நண்பருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, அதில் பாதி பென்டிரைவ் தேடிய நேரம். ஆனாலும் என்னை ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன். எந்த நிலையில் மாட்டினாலும், முன்னேற்பாடு எதுவும் இல்லாமல் கைகொடுப்பது இது ஒன்றுதான்.

ஸ்னாப்ஷாட்

சிஸ்டத்தின் நிலையைப் படம் போல முன்பே எடுத்து வைத்தவர்களுக்கு இது சொர்க்கம். இன்னொரு லினக்ஸான ஓப்பன்சூசே 2014-இல் வந்த 13.2 முதலே, சிஸ்டம் இருக்கும் ரூட் பகுதிக்கு, ஸ்னாப்ஷாட் எடுக்கத் தெரிந்த கோப்பு முறையான பிடிஆர்எஃப்எஸ்-ஐ இயல்பாகத் தருகிறது. ஸ்னாப்பர் என்ற கருவி, பேக்கேஜ் மாற்றங்களுக்கு முன்னும் பின்னும் தானே படம் பிடித்து வைக்கும், தொடக்கத்தில் வரும் கிரப் மெனுவிலேயே பழையதைத் தேர்ந்தெடுத்துப் பூட் செய்யலாம். லினக்ஸ் மின்ட்காரர்களுக்கு டைம்ஷிஃப்ட் இருக்கிறது, வழக்கமான இஎக்ஸ்டி4 கோப்பு முறை உள்ள வட்டிலும் வேலை செய்யும்.

பூட் பகுதி தனி பார்ட்டிஷனாக இருந்தால் மட்டும் கவனம். ரூட் பழைய நிலைக்குத் திரும்பும், கெர்னல் புதிதாகவே நிற்கும். அதற்கான மாட்யூல்கள் ரூட்டோடு போயிருக்கும். வைஃபை வரவில்லை, மவுஸ் ஓடவில்லை என்று வேறொரு தலைவலி. வார் ஃபோல்டரும் ஸ்னாப்ஷாட்டில் சேர்ந்திருந்தால் டேட்டாபேஸும் சேர்ந்தே பின்னால் போய்விடும்.

புதிதாக நிறுவுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹோம் தனி பார்ட்டிஷன் என்றால் முக்கால் மணி நேரத்தில் முடியும், வெட்கப்பட வேண்டியதில்லை. நான் வேண்டாம் என்பது வேறொன்றை: பழைய லிப்சியை மீண்டும் திணிப்பது. பழைய புரோகிராம் புது லிப்சியில் ஓடும். புது லிப்சிக்காகக் கட்டிய புரோகிராம் பழையதில் பல நேரம் ஓடாது. பாதி அப்கிரேட்டில் இரண்டு வகையும் கலந்து கிடக்கும். முன்னால் தள்ளி முடிப்பதுதான் சுலபம்.

அந்த மடிக்கணினி இப்போது 12-இல் ஓடுகிறது. ஸ்டேட்டிக் பஸிபாக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். நண்பர் தன் பென்டிரைவை மடிக்கணினிப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் போட்டிருப்பதாகச் சொல்கிறார்.