கணினியோடு பூட்டிய லைசன்ஸா, கையோடு வரும் லைசன்ஸா?

மட்டக்களப்பில் ஸ்டூடியோ, டைப்செட்டிங் கடை வைத்திருப்பவர்கள் விண்டோஸ் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஓஈஎம், அதாவது புதுக் கணினியோடு சேர்த்து விற்கும் லைசன்ஸ் மலிவுதான், ஆனால் முதலில் ஏற்றிய கணினியின் மதர்போர்டோடு ஒட்டிவிடும். வாரண்டியும் முடிந்த பிறகு இடி மின்னலில் மதர்போர்ட் எரிந்து வேறு மாடல் போட்டால் ஆக்டிவேஷன் போய், திரையின் மூலையில் ‘Activate Windows’ என்ற மங்கல் எழுத்து வந்து நிற்கும். ரீடெய்ல், அதாவது தனியாக வாங்கும் லைசன்ஸ், விலை கூட. ஆனாலும் பழைய பெட்டியிலிருந்து எடுத்துப் புதியதற்கு மாற்றலாம்.

ஃபோட்டோஷாப் தரும் அடோபி வேறு மாதிரி: இரண்டு கணினிகளில் உள்நுழையலாம், ஒரு நேரத்தில் ஒன்றில்தான் வேலை, மாதாமாதம் காசு போகும், சரி, ஆனால் கடையில் தொடங்கிய கல்யாண ஆல்பத்தை இரவு வீட்டில் முடிக்கலாம்.

கள்ளப் பிரதியைத் தடுக்கத்தான் பூட்டு என்கிறார்கள், ஆனால் கள்ளப் பிரதிக்காரனுக்கு ஒன்றும் ஆவதில்லை, காசு கொடுத்தவன்தான் திரும்பவும் வாங்குகிறான், இது அநியாயம். ரீடெய்லையே வாங்குங்கள், பில்லையும் லைசன்ஸ் கீயையும் பத்திரமாக வையுங்கள்.