மறைந்த தாயா, ஆவியா?

அமானுஷ்யமான பழைய புகைப்படம் சேர்ப்பவர்களில் பலர் தேடுவது 19ஆம் நூற்றாண்டின் ‘மறைந்த தாய்’ படம், ஆவிப் படம் என்ற இரண்டு வகைகளைத்தான்.

‘மறைந்த தாய்’ (இறந்தவள் அல்ல, ஒளிந்திருப்பவள்) படத்தில், குழந்தை அசைந்து படம் கலங்காமலிருக்க அம்மாவே பிடித்துக்கொள்வாள். அவள்மேல் தலையோடு துணியைப் போர்த்திவிடுவார்கள். உற்றுப் பார்த்தால் மடிப்புக்கு நடுவே ஒரு கை மட்டும் பிள்ளையின் இடுப்பை இறுக்கிப் பிடித்திருக்கும். இதைப் ‘பிணக்குழந்தை’ என்று சொல்லி விலையை ஏற்றுபவர்கள் உண்டு. பிணம் அசையுமா என்ன?

உயிரோடிருப்பவர் அருகே இறந்தவரின் உருவம் தெரியும் ஆவிப் படத்துக்குக் கதை பெரிது. பாஸ்டனில் 1860களில் இதைத் தொழிலாக்கிய வில்லியம் மம்லர் மீது 1869இல் நியூயார்க்கில் மோசடி வழக்கு நடந்தது. வேடிக்கைக் காட்சிகளால் பெயர்பெற்ற பார்னம் எதிர்சாட்சி சொல்லியும் மம்லர் தப்பிவிட்டார். பின்னர் லிங்கனின் மனைவியையே கணவரின் ‘ஆவி’யோடு படமெடுத்தார். ஆனால் அசல் அரிது, மறுபதிப்பு மலிவு. ஒரே தகட்டில் இருமுறை ஒளி பட்டாலே ஓர் ஆவி தயார்.

புதிதாகச் சேர்ப்பவருக்கு நான் முதல் வகையைத்தான் சொல்வேன். அதில் பல டின்டைப், அதாவது மெல்லிய இரும்புத் தகடு. சின்னக் காந்தம் ஒன்று எடுத்துப்போங்கள். ஒட்டாவிட்டால் இன்றைய அலுமினியத் தகடாக இருக்கலாம்.